ஊதுகுழலும் ஒரு நல்லாசானும்

பத்தாம் வகுப்பு மாணவி

இசைக்கு மயங்காத உள்ளம் இவ்வுலகில் இல்லை. அழும் குழந்தை தாலாட்டுக் கேட்டு அமைதி அடைகிறது. உழைத்துக் களைத்தவர் நாட்டுப் பாடலில் களைப்பை மறக்கிறார். ஆலயத்தில் பாடற்குழு பாடத் தொடங்கியதும், அலைபாய்ந்து கொண்டிருந்த நம் மனமும் தானாகவே செபத்தில் ஒன்றிவிடுகிறது.

ஆனால் நம் பள்ளிப் பாட்டுப் போட்டிகளில் நாம் கண்ட ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. புகழ் பெற்ற பாடகி ஒருவரின் குரலைப் போலவே, மூச்சு விடும் இடம்கூட மாறாமல் பாடும் மாணவிக்குக் கைதட்டல் அதிகம். தன் சொந்தக் குரலில் பாடும் மாணவிக்குக் குறைவு. அப்படியானால் பிறரைப் போல் ஆவதுதான் திறமையா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சந்தித்த ஓர் இசைக் கலைஞரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் ஜாக்கி மக்லீன். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே தோன்றிய சாக்ஸபோன் கலைஞர்; பின்னாளில் சிறந்த ஆசிரியர்.

கருவியை அறிவோம்

முதலில் அவர் கையிலிருந்த கருவியை அறிந்து கொள்வோம். பெல்ஜிய நாட்டில் 1814-ஆம் ஆண்டு பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் இதனை உருவாக்கி, 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே இது சாக்ஸபோன் என்று வழங்கலாயிற்று. பித்தளையால் செய்யப்பட்டிருந்தாலும் இதனை மரக் காற்றுக்கருவி வகையிலேயே சேர்க்கின்றனர். வியப்பாக இருக்கிறதல்லவா? காரணம் எளிது. உடல் எந்தப் பொருளால் ஆனது என்பதன்று, ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதே கணக்கு. சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் நாணலால் செய்த மெல்லிய பட்டை ஒன்று உண்டு. ஊதும்போது அது அதிர்ந்து, குழலுக்குள் உள்ள காற்றையும் அதிரச் செய்கிறது. நம் நாகசுரத்துச் சீவாளியும் நாணலால் ஆனதே. அங்கே நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. இங்கே ஒரே பட்டை அதிர்கிறது. இதுவே வேறுபாடு.

சாக்ஸபோனில் பல அளவுகள் உள்ளன. பெரிதும் வழக்கில் இருப்பவை நான்கு: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன். குழல் நீள நீள ஒலி தாழ்ந்து செல்லும். மக்லீன் வாசித்தது ஆல்ட்டோ. அதே ஆல்ட்டோவில்தான் கத்ரி கோபால்நாத் அவர்கள் கர்நாடக இசையை வாசித்துத் தமிழ் மக்களின் அன்பைப் பெற்றார். கருவி ஒன்றே, இசையோ வேறு வேறு.

ஜாஸ் என்பது யாது?

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் ஏழ்மையும் இழிவும் ஒழியவில்லை. வயலில் பாடிய வேலைப் பாடல்கள், தேவாலயத்தில் பாடிய பக்திப் பாடல்கள், துயரத்தைச் சொல்லும் புளூஸ் பாடல்கள், ஐரோப்பியரின் பாண்டு வாத்திய இசை ஆகிய யாவும் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசையாக மலர்ந்தது. 1917-இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது.

ஜாஸின் உயிர் கற்பனையில் இருக்கிறது. நம் பாகவதர்கள் கீர்த்தனையைப் பாடிவிட்டுக் கற்பனை சுவரம் பாடுவதில்லையா? ராகத்தின் இலக்கணமும் தாளத்தின் கணக்கும் தவறாமல், அந்நேரத்தில் உள்ளத்தில் ஊறுவதைப் பாடிவிட்டுப் பல்லவியின் எடுப்புக்குத் திரும்புகிறார்கள். ஜாஸ் கலைஞரும் முதலில் மெட்டை வாசிப்பார். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகளின் வரிசையைப் பற்றிக்கொண்டு, தம் கற்பனையால் புதுப்புது மெட்டுகளை அங்கேயே கட்டுவார். முடிவில் எல்லோரும் சேர்ந்து முதல் மெட்டுக்குத் திரும்புவார்கள். ஆகவே ஒரே பாட்டை நூறு பேர் வாசித்தால் நூறு விதமாக இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக் கொள்வோம்.

இளமைப் பருவம்

ஜாக்கி மக்லீன் 1931-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஓர் இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர். 1939-இல் அவர் இறந்தபோது ஜாக்கி சிறுவன். பின்னர் வந்த மாற்றாந்தந்தை ஹார்லெம் பகுதியில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். வேறு பிள்ளைகள் தெருவில் விளையாடிக் கொண்டிருக்க, இவர் கடையில் இருந்தபடி இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் செவியைத் தீட்டினார்.

முதலில் இவருக்குக் கிடைத்தது சொப்ரானோ சாக்ஸபோன். அதன் ஒலி பிடிக்கவில்லை. பிறகு ஆல்ட்டோ கிடைத்தது. அதிலும் இவர் டெனர் கருவியின் கனத்த ஒலியைக் கொண்டுவர முயன்றார். தாம் போற்றிய லெஸ்டர் யங், டெக்ஸ்டர் கார்டன் இருவரும் டெனர் வாசித்தவர்கள் என்பதே காரணம். பிறகு ஒருநாள் சார்லி பார்க்கரின் ஆல்ட்டோ வாசிப்பைக் கேட்டார். அன்றிலிருந்து இவருக்கு வேறு தெய்வம் வேண்டியிருக்கவில்லை.

கடையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று சுவையானது. ரிச்சி பவல் என்னும் இளைஞர் கடைக்கு வந்தவர், புகழ் பெற்ற பியானோ கலைஞர் பட் பவல் தம் அண்ணன் என்று கூறினார். ஜாக்கி நம்பவில்லை. ரிச்சியோ அவரைத் தம் வீட்டிற்கே அழைத்துச் சென்று அண்ணனை நேரில் காட்டிவிட்டார். அன்று முதல் பட் பவலின் வீடே ஜாக்கிக்கு இசைப்பள்ளியாயிற்று. பட்டம் பெற்ற ஆசிரியர் அங்கே இல்லை, பாடநூலும் இல்லை. கேட்டுக் கற்றார், தவறிழைத்துத் திருத்திக் கொண்டார். அக்கம்பக்கத்தில் இவருடன் சேர்ந்து வாசித்த பிள்ளைகளில் ஒருவரான சானி ராலின்ஸும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

1951 அக்டோபரில் மைல்ஸ் டேவிஸ் என்னும் டிரம்பெட் கலைஞர் இருபது வயது ஜாக்கியைத் தம் இசைத்தட்டுப் பதிவுக்கு அழைத்தார். இவருக்கு அதுவே பெரிய வாய்ப்பு. பதிவு அறைக்குச் சென்றால் அங்கே சார்லி பார்க்கரே அமர்ந்திருக்கிறார்! தேர்வு அறையில் நாம் எழுதும்போது கேள்வித்தாள் தயாரித்தவரே பின்னால் வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? ஜாக்கியும் அப்படித்தான் நடுங்கினார். ஆயினும் வாசித்து முடித்தார்.

புலியும் பூனையும்

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக் கொண்டது என்பது நம் பழமொழி. இங்கே நடந்தது அதைவிடத் துயரமானது.

சார்லி பார்க்கர் ஒப்பற்ற கலைஞர். ஆனால் ஹெராயின் என்னும் போதைப் பொருளுக்கு அடிமைப்பட்டவர். அவரைப் போல் வாசிக்க விரும்பிய இளைஞர் பலர், அவரைப் போலவே நடக்கவும் தொடங்கினர். ஜாக்கியும் பதின்பருவம் முடியும் முன்னரே அந்தப் படுகுழியில் விழுந்தார். பார்க்கர் 1955-இல் தம் 34-ஆம் வயதில் மறைந்தார். குரு வீழ்ந்ததைக் கண்ட பின்னும் சீடரால் உடனே எழ முடியவில்லை. போதையின் பிடி அத்தகையது. முதலில் மனிதன் அதைப் பிடிக்கிறான். பிறகு அது மனிதனைப் பிடித்துக் கொள்கிறது.

இக்காலத்தில்தான் இவருக்கு வேறு ஓர் ஆசான் வாய்த்தார். அவர் சார்லஸ் மிங்கஸ் என்னும் பாஸ் வாத்தியக் கலைஞர், கண்டிப்பானவர். 1956 சனவரியில் மிங்கஸின் இசைத்தட்டுப் பதிவு ஒன்றில் ஜாக்கி வாசித்தார. மிங்கஸ் தம் குழுவினருக்கு இசையைத் தாளில் எழுதித் தரவில்லை. பியானோவில் வாசித்துக் காட்டி, காதால் கேட்டே கற்கச் செய்தார். ஜாக்கி பார்க்கரிடம் கற்ற மெட்டுகளையே வாசித்தபோது, அவற்றை விட்டுவிட்டு உன் சொந்த ஒலியைத் தேடு என்று வற்புறுத்தினார். பிறர் மெச்சிய திறமையை இவர் ஒருவர் குறையாகச் சுட்டினார். அன்று அது ஜாக்கிக்குக் கசந்தது. பின்னாளில் அந்தக் கண்டிப்பே தம்மைத் தமக்குக் காட்டியது என்று நன்றியோடு கூறினார்.

அன்புத் தோழியரே! புகழ்பவர் எல்லோரும் நமக்கு நண்பர் அல்லர். கண்டிப்பவர் எல்லோரும் பகைவரும் அல்லர். இதைக் கேட்க நமக்கும் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது.

இருளும் ஒளியும்

அந்நாளில் நியூயார்க் நகரின் இரவு விடுதிகளில் வாசிக்கக் காவல் துறையின் அனுமதி அட்டை வேண்டும். போதைப் பொருள் வழக்கில் சிக்கியதால் ஜாக்கியின் அட்டை பறிக்கப்பட்டது. சிறைவாசமும் நேர்ந்தது. வீட்டில் மனைவி டாலியும் குழந்தைகளும் இருந்தனர். மாலைதோறும் வாசித்துப் பிழைக்க வேண்டிய கலைஞருக்கு மேடையே இல்லாமற் போயிற்று.

ஒரு கதவு அடைபட்டாலும் வேறு வழிகள் திறந்தன. 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ஒரு நாடகத்தில் நடிக்கவும் வாசிக்கவும் வாய்ப்புக் கிடைத்தது. போதைக்கு அடிமையானவர்களின் அவல வாழ்வைக் காட்டிய நாடகம் அது. தம் சொந்தத் துன்பத்தையே இவர் மேடையில் நடிக்க வேண்டியிருந்தது! அதே ஆண்டு முதல் புளூ நோட் என்னும் இசைத்தட்டு நிறுவனம் இவர் தலைமையில் பல இசைத்தட்டுகளை வெளியிட்டது. 1962-இல் செய்த பதிவு ஒன்றில், ஜாஸ் இசையில் அப்போது தோன்றிய புதிய போக்குகளை அஞ்சாமல் தழுவிக் கொண்டார். இவரது ஒலி சுருதியைவிட இம்மியளவு ஏறி நிற்கும்; தித்திப்போடு கூர்மையும் கலந்திருக்கும். இரண்டு சுரம் கேட்டாலே இது மக்லீன் என்று இசையறிந்தவர் சொல்லிவிடுவர். மிங்கஸ் தேடச் சொன்ன சொந்த ஒலி கிடைத்துவிட்டது. தம் மகள் மெலோனே பெயரில் இவர் அமைத்த மெட்டுகளும் உண்டு. துன்பத்தின் நடுவிலும் தந்தையின் உள்ளம் உலர்ந்துவிடவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

இக்காலத்திலேயே ஆசிரியர் என்னும் குணமும் இவரிடம் அரும்பியது. பாஸ்டன் நகரில் டோனி வில்லியம்ஸ் என்னும் பதினேழு வயது டிரம் கலைஞனின் திறமையைக் கண்டு, அவனை நியூயார்க்குக்கு வரச் செய்து, 1963-இல் தம் பதிவில் வாசிக்க வைத்தார். அவனை மைல்ஸ் டேவிஸ் தம் குழுவில் சேர்த்துக் கொண்டார். ஒரு காலத்தில் டேவிஸ் தமக்குத் திறந்த கதவை இவர் இன்னொரு பிள்ளைக்குத் திறந்து வைத்தார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாக்கி போதையின் பிடியிலிருந்து மீண்டார். இத்தகையவரைப் பற்றி நம் பள்ளி மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் இதை எங்களுக்குள் பேசிக் கொண்டோம். ஆண்டவர் சொன்ன ஊதாரி மைந்தன் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். மகன் திரும்பி வந்ததும் விருந்து நடக்கிறது. உவமை அத்துடன் முடிகிறது. மறுநாள் காலையில் அந்த மகன் என்ன செய்தான் என்பதை உவமை சொல்லவில்லை. ஜாக்கி மக்லீன் தம் மறுநாளை எவ்வாறு கழித்தார் என்பதற்காகவே அவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஆசான் மக்லீன்

கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகர் ஹார்ட்ஃபோர்டு. காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் அதன் வடபகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்கள் வறியவர்கள். 1960-களின் இறுதியில் அங்கே கலவரங்கள் வெடித்தன. 1968-இல் ஜாக்கி அந்நகரிலுள்ள ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹார்ட் இசைப்பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். மேனாட்டுச் செவ்வியல் இசைக்கே இடமிருந்த கல்விக்கூடத்தில், தம் மக்களின் இசைக்கும் ஓர் இடம் வேண்டும் என்று உழைத்தார். விரல் பயிற்சி மட்டும் போதாது, அந்த இசை எந்த மக்களிடம், எந்தத் துயரத்தில் பிறந்தது என்னும் வரலாற்றையும் மாணவர் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே ஆப்பிரிக்க அமெரிக்க இசைத் துறை உருவாயிற்று. ஜாஸ் இசையில் பட்டப்படிப்பும் ஏற்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அத்துறைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கு வர முடியாத பிள்ளைகளின் நிலை என்ன? 1970-இல் ஜாக்கியும் டாலியும், நண்பர்களான பாஸ் கலைஞர் பால் பிரவுன், நடனக் கலைஞர் செரில் ஸ்மித், ஓவியர் அயோனிஸ் மார்ட்டின் ஆகியோரும் சேர்ந்து ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ் என்னும் கலைக்கூடத்தை நிறுவினர். தெருவில் திரிந்தால் போதைக்கும் சண்டைக்கும் இரையாகக்கூடிய சிறுவர் சிறுமியர் பள்ளி விட்டதும் அங்கே வந்து இசை, நடனம், நாடகம், ஓவியம், தற்காப்புக் கலை ஆகியவற்றைக் கற்றனர்.

இங்கே டாலி அம்மையாரைப் போற்றாமல் செல்வது முறையாகாது. நடனமும் நடிப்பும் அறிந்த அவர், கணவரின் இருண்ட நாட்களில் குடும்பத்தைத் தாங்கினார். ஒளி வந்த பின் கலைக்கூடத்தின் நிர்வாகத்தைப் பல பத்தாண்டுகள் ஏற்று நடத்தினார். 1999-இல் ஆல்பனி அவென்யூவில் கலைக்கூடத்திற்குப் புதிய கட்டிடம் எழுந்தது. கைதட்டல் மேடையில் வாசிப்பவருக்குக் கிடைக்கிறது. கணக்குப் பார்ப்பவரையும் கதவு திறந்து வைப்பவரையும் யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. நம் அருட்சகோதரியரையும் அன்னையரையும் எண்ணிப் பார்த்தால் இது நமக்கு நன்கு விளங்கும்.

ஜாக்கி தம் கடந்த காலத்தை மாணவரிடம் மறைக்கவில்லை. போதை தம்மிடமிருந்து பறித்துக் கொண்டதை வெளிப்படையாகச் சொன்னார். பார்க்கரின் இசையைப் பின்பற்றச் சென்று அவர் குறையையும் சேர்த்துப் பின்பற்றியவர் இவர். தம் மாணவர்கள் தம் இசையை மட்டும் எடுத்துக் கொண்டு, தம் தவற்றை விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இரண்டையும் பிரித்துக் காட்டினார். இதைவிடக் கடினமான பாடம் ஓர் ஆசிரியருக்கு வேறு உண்டோ?

அவர் பயிர் வீண் போகவில்லை. டிராம்போன் கலைஞர் ஸ்டீவ் டேவிஸ் அவரிடம் பயின்று, ஜாக்கி இளமையில் வாசித்த ஆர்ட் பிளேக்கியின் குழுவிலேயே இடம் பெற்றார். பின்பு தாம் கற்ற அதே இசைப்பள்ளியில் ஆசிரியரானார். ஜாக்கியின் மகன் ரெனேயும் சாக்ஸபோன் கலைஞரே. தந்தையும் மகனும் சேர்ந்து வாசித்தனர். தம் மாணவர்களையே பக்கவாத்தியமாக அமர்த்திக் கொண்டு ஜாக்கி பிற்காலத்தில் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். 2001-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் ஜாஸ் மேதை என்னும் உயர்ந்த விருதை அளித்தது. 2006 மார்ச் 31 அன்று ஹார்ட்ஃபோர்டில், 74-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நாம் கற்கும் பாடம்

நம் கேள்விக்குத் திரும்புவோம். பிறரைப் போல் ஆவதுதான் திறமையா? தொடக்கத்தில் பின்பற்றித்தான் ஆக வேண்டும். ஆசிரியை கரும்பலகையில் எழுதிய எழுத்தைப் பார்த்து எழுதித்தான் நாம் எல்லோரும் எழுதக் கற்றோம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்த பின்னும் அதே கையெழுத்தையா எழுதுகிறோம்? ஒவ்வொருத்தியின் கையெழுத்தும் தனித்தனியே. பின்பற்றுதல் படிக்கட்டு, அதில் ஏறலாம், குடியிருக்கலாகாது. யாரைப் பின்பற்றுகிறோமோ அவரிடம் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறியும் அறிவும் உடன் வேண்டும். திரைப்பட நடிகையானாலும் சரி, விளையாட்டு வீரரானாலும் சரி, நம் உயிர்த்தோழியேயானாலும் சரி.

இரண்டாவதாக, தாலந்து உவமையை எண்ணிப் பார்ப்போம். அதில் ஒருவன் தன் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தான். ஜாக்கியும் பல ஆண்டுகள் தம் தாலந்தின் ஒரு பாதியை மண்ணில் புதைத்தவரே. ஆனால் அவர் அதைத் தோண்டி எடுத்து, அழுக்கைத் துடைத்து, பிறர் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். புதைத்த தாலந்தைக் கணக்குக் கேட்கும் நாள் வரும் முன் தோண்டி எடுக்கலாம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்த பாட்டுப் போட்டியில் நம் தோழி ஒருத்தி தன் சொந்தக் குரலில், சற்றே தடுமாறினாலும் தன் சொந்தக் குரலில் பாடினால், நாம் இன்னும் சற்று உரக்கக் கைதட்டுவோம். இறைவன் நமக்கு அளித்த குரல் அது. அதே குரலில் அவரைப் போற்றுவோம்.